தீபாவளிக்கு உள்சுவர், தைப்பூசத்துக்குப் பிறகு வெளிச்சுவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பில் தீபாவளிக்கு வீட்டுக்கு என்ன சாயம் அடிக்கலாம் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. தாமான்களில் உள்ள புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு அதில் சொன்னவை பொருந்தும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பழைய மாணவர் ஒருவர் மறுநாளே எனக்குப் போன் செய்தார்.

“டீச்சர், உங்க வீடு மாதிரியே ஒரு பழைய வீடு வாங்கியிருக்கேன். முன்பக்கம் கூரை முக்கோணமா ஏறி நிக்குது, அதுல மரச்சட்டம் குறுக்கும் நெடுக்கும் ஓடுது. டூடர் ஸ்டைலுன்னு ஏஜெண்டு சொன்னாரு. தீபாவளிக்குள்ள வெள்ளையும் கறுப்பும் அடிச்சிரலாம்னு இருக்கேன். எந்த வெள்ளை டீச்சர் நல்லா இருக்கும்?”

அந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் மனம் ஆறவில்லை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் இப்படிப்பட்ட வீடுகளில் நம்மவர்கள் எத்தனையோ பேர் குடியிருக்கிறார்கள். அப்பாவோ தாத்தாவோ வாங்கிப் போட்ட வீடாக இருக்கும். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சாயக் கடையில் வண்ண அட்டையை வாங்கி, பிடித்த நிறத்தில் விரலை வைத்து, ஒரு வாரத்தில் அடித்து முடித்துவிடுகிறோம். நானும் அப்படிச் செய்தவள்தான். அதனால் என் வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு புலாவ் தீக்குஸ் பக்கம், போருக்கு முன் கட்டியது. துறைமுகத்தில் கிராணியாக இருந்த அப்பா 1968-இல் அதை வாங்கினார். கீழ்த்தளம் முழுவதும் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. மாடியின் முன் முகப்பில் மட்டும் ஆறங்குல அகலப் பலகைகளைச் சுவரோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பழைய டூடர் வீடுகளில் மரச்சட்டம்தான் வீட்டின் எலும்பு, அதன் இடைவெளிகளில்தான் சுவரை நிரப்புவார்கள். நம் ஊர் வீடுகளில் செங்கல் சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது; மேலே அடித்த பலகை அழகுக்காக. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பலகைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சந்து இருக்கிறது. தண்ணீர் போய் உட்காரும் இடம் அதுதான்.

2011-இல் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு குத்தகையாளரைப் பிடித்தோம். என் தம்பிதான் நிறத்தைச் சொன்னான். “அக்கா, கேஎல்-இல டத்தாரான் மெர்டேக்கா முன்னால ராயல் சிலாங்கூர் கிளப்பைப் பாரு. கறுப்பும் வெள்ளையும். டூடருன்னா அதுதான்.” 1884-இல் தொடங்கிய கிளப், சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு எதிரே திடலைப் பார்த்து நிற்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் அதையே செய்தோம். சுவருக்குப் பளிச்சென்ற வெள்ளை, மழைக்குத் தாங்கும் என்று சொல்லி விற்கிற அக்ரிலிக் சாயம். பலகைக்குக் கண்ணாடிபோல் மின்னும் கறுப்பு. தீபாவளியன்று வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியத்தை மட்டும் படியேறும்போது, “வீட்டு நெத்தியில கறுப்பு எதுக்கும்மா?” என்று கேட்டார். அவர் சகுனத்தை நினைத்துக் கேட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறு வருடம் மழைக்காலத்தில் முன்வாசல் சுவரில் கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. தோசைக்கல்லில் மாவு பொங்குவதுபோல் சாயம் சுவரை விட்டு எழும்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். உடைந்து உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது, கூடவே வெள்ளைப் பொடி உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. 2013-க்குள் தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை சுவர் முழுவதும் பொரிந்துவிட்டது. மேலே, வெயில் படும் மேற்குப் பக்கம், கறுப்புச் சாயம் பாம்புச் சட்டைபோல் நீளநீளமாக உரிந்து தொங்கியது. ஒரு பலகையின் அடிப்பக்கத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்தேன். கைப்பிடிவரை இறங்கியது. மேலே சாயத்தோல் முழுசாக மினுங்கிக்கொண்டிருக்க, உள்ளே மரம் ஈரத் தவிடாகியிருந்தது.

குத்தகையாளரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, “நல்ல சாயம்தான் அடிச்சோம், உங்க சுவருதான் சரியில்லை” என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பிறகு நிதானமாக யோசித்தால், அந்தச் சாயம் தரமானதுதான். எங்கள் சுவருக்கு அது பொருந்தவில்லை. சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். காலாகாலமாக அப்படித்தான் அது நின்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் ஈரம் வெளியேற விடாத ஒரு தோலைப் போர்த்திவிட்டால், உள்ளே ஏறிய ஈரத்துக்கு வழி இல்லை. உப்பையும் கூட்டிக்கொண்டு அது சாயத்துக்குப் பின்னால் தேங்கும், பிறகு தள்ளும். இது தெரிந்த ஒருவர் அப்போது எங்களிடம் சொல்லியிருந்தால், நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சுவரைப் பற்றிப் பேசியிருப்போம்.

2016-இல் மகளின் பட்டமளிப்புக்காக இங்கிலாந்து போனோம். சஃபோக் பகுதியில் லாவன்ஹாம் என்றொரு சிற்றூர். உண்மையான பழைய மரச்சட்ட வீடுகள் தெரு முழுக்கச் சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கும் ஊர். நான் தேடிப் போனது கறுப்பு வெள்ளையை. அங்கே பார்த்தது வேறு. ஓக் மரச்சட்டங்கள் பெரும்பாலும் சாயமே படாமல் வெள்ளி நரை ஏறி நின்றன. சுவர்களில் பழுப்பு கலந்த வெள்ளை, இளஞ்சிவப்பு, காவி மஞ்சள். எல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. டூடர் மன்னர்கள் ஆண்டது 1485 முதல் 1603 வரை. அந்தக் காலத்து மரத்தைப் பலவிடங்களில் அப்படியே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் சுவரோடு சேர்த்து அதன்மேலும் சுண்ணாம்பை இழுத்துவிடுவார்கள். சட்டத்துக்கு அடர்ந்த கறுப்பு, சுவருக்குத் தூய வெள்ளை என்ற வழக்கம் பெரிதும் பரவியது 19-ஆம் நூற்றாண்டில், விக்டோரியா மகாராணி காலத்தில். அந்த வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் மலாயாவுக்கு வந்து நம் ஊரில் இந்த வீடுகளைக் கட்டினார்கள். கறுப்பு வெள்ளைதான் அசல் என்று என் தம்பி சொன்னதும் நான் நம்பியதும் அந்தத் தெருவில் நின்றபோது எனக்குள் கரைந்துபோனது. கறுப்பு அடிப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

நம் கம்போங் வீடுகளில் கல் மீது நிற்கும் பழைய செங்ஙால் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். செங்ஙால் நம் ஊர்க் கெட்டி மரம். சாயமே கண்டிராத செங்ஙாலும் அதே வெள்ளி நரைதான் பூணும். ஆறாயிரம் மைல் தள்ளிப்போய் அதைப் பார்த்துத்தான் எனக்கு நம் ஊர்த் தூண் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு சிறு கத்தியை எடுத்துக்கொண்டு முன்வாசல் மூலையில் உட்கார்ந்தேன். மழையும் வெயிலும் அதிகம் படாத மூலை. பழைய வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வண்ண அட்டையைத் தொடும் முன் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது காசு அளவுக்கு ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு சாயமாக மெதுவாகச் சுரண்டி, ஒவ்வொன்றும் ஒரு வளையம் தெரியும்படி விட்டுக்கொண்டே உள்ளே போக வேண்டும். தண்ணீர் தொட்டுச் சுரண்டுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பழைய எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் இருக்கும். அந்தத் தூசி உள்ளே போனால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உப்புத்தாள் போட்டு வறட்டுவறட்டென்று தேய்க்கும் வேலையே கூடாது.

என் சுவரில் மேலே 2011-இன் வெள்ளை. அதன்கீழ் ஒரு வெளிர்பச்சை, அது அப்பா எழுபதுகளில் அடித்தது, எனக்கு நினைவிருக்கிறது. அதன்கீழ் இரண்டு வெள்ளைகள். எல்லாவற்றுக்கும் அடியில், பூச்சோடு பூச்சாகக் கலந்து, தேங்காய்ப்பாலில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்ததுபோல் ஒரு நிறம். ஈரத் துணியால் துடைத்தபோது அது கொஞ்சம் ஆழமாகித் தெரிந்தது, காய்ந்ததும் மறுபடி வெளுத்தது. பலகையில் மேலே கறுப்பு, அடுத்து சாக்லெட், அடுத்து இன்னொரு பழுப்பு. அடிமட்டத்தில் சாயமே இல்லை, எண்ணெய் குடித்த மரத்தின் நிறம் மட்டும், பால் ஊற்றாத கோப்பி-ஓவைக் கண்ணாடிக் குவளையில் வெளிச்சத்துக்குப் பிடித்ததுபோல். கட்டியவர்கள் கறுப்பு வெள்ளையை எங்கள் வீட்டில் அடிக்கவே இல்லை.

அந்தத் தேங்காய்ப்பால் நிறத்தைப் பார்த்தபோது என் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் கெடா பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வருடத்துக்கு ஒருமுறை துரை பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிடுவார்களாம், தாத்தா போவார். பெரிய பீப்பாயில் சுண்ணாம்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, வெள்ளை எடுப்பாகத் தெரிய ஒரு சிட்டிகை நீலம் போட்டு, தென்னை மட்டையை நசுக்கிச் செய்த மட்டையால் இழுப்பார்களாம். பங்களாவுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து லயத்தில் தங்கள் வீட்டு வாசலுக்கும் ஒரு கை அடித்ததாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். துரைமார் வீடு போன்ற ஒன்றை அந்த மனிதரின் மகன் வாங்கினார் என்பதில் எனக்குள்ள பெருமையை மறைக்க விரும்பவில்லை. அந்த வீட்டின் சுவர் கேட்டதும் தாத்தா கரைத்த அதே சுண்ணாம்பைத்தான். நாங்கள்தான் அதை மறந்துவிட்டு டின்னில் வந்ததை அப்பினோம்.

சுண்ணாம்பு என்றதும் மகன், “அம்மா, அதெல்லாம் கோயில் மதிலுக்குத்தான் சரி” என்றான். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டைபட்டையாக எத்தனை வெயிலுக்கு நிற்கிறது என்று பார்த்தவன் அப்படிப் பேசலாமா? லீத் தெருவுக்கு அவனை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே செங் ஃபாட் சே என்ற அந்தக் காலத்துச் சீன வணிகரின் மாளிகை இருக்கிறது. அதன் நீலச் சுவர் சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்தது. மீட்டெடுத்துச் சீர்செய்த அந்த வேலைக்கு 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. பினாங்கின் இந்த மழையிலும் உப்புக் காற்றிலும்தான் அந்த நீலமும் நிற்கிறது. ஒரேயடியாகத் தட்டையாக இல்லாமல் ஓரிடம் ஆழ்ந்தும் ஓரிடம் வெளுத்தும் உயிரோடு இருக்கிறது. மகன் சுவரைத் தொட்டுப் பார்த்தான், அதற்குப் பிறகு பேசவில்லை.

பிறகுதான் நிறம் தேர்ந்தோம். இதில்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கடை அட்டையில் இது எதுவும் இருக்காது.

முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். எங்கள் கூரை பழைய மார்சேய் ஓடு, செம்பழுப்பு. அதை நாம் மாற்றப்போவதில்லை. அப்படியானால் வீட்டின் மிகப் பெரிய நிறம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. 2011-இல் அடித்த வெள்ளையில் ஒரு நீலச் சாயை இருந்தது. செம்மையான ஓட்டுக்குக் கீழே அது ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரிக் குளிர்ந்து நின்றதற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. ஓடு சூடான நிறம் என்றால் சுவரிலும் துளி மஞ்சளோ காவியோ இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கூரை சாம்பல் ஓடாக இருந்தால் கணக்கு வேறு.

அடுத்தது மண். நம் ஊர்ச் செம்மண், மழை அடிக்கும்போது தரையிலிருந்து ஒன்றரை அடிவரை தெறிக்கும். வெள்ளைச் சுவரில் அது ஒரே மழையில் தெரியும். கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டு அடிப்பகுதியைச் செங்கல் தெரியும்படி விட்டிருந்தார்கள். நாங்கள்தான் அதன்மேலும் வெள்ளையடித்திருந்தோம். அதைச் சுரண்டி எடுத்தோம். செங்கல் வெளியே வந்த அன்றைக்கே வீடு தரையில் கால் ஊன்றியதுபோல் இருந்தது.

பிறகு மரங்கள். வாசலில் மாமரம், தெருவில் அங்சானா. காலை பத்து மணிக்கு மேல் எங்கள் முன்சுவரில் விழுவது பாதி வெயில், பாதி இலை வழியாக வந்த பச்சை. தூய வெள்ளையில் அந்தப் பச்சை அப்படியே ஏறி, பாசி பிடித்த மாதிரிக் காட்டும். துளி காவி கலந்த சுவர் அதை வாங்கிக்கொண்டு அமைதியாக இருக்கிறது.

வெளியில் அடிக்கும் எந்த நிறமும் அட்டையில் இருப்பதைவிட வெளுத்துத்தான் தெரியும். வெயில் அப்படி. கடைக்குள் விளக்கடியில் மென்மையாகத் தெரிந்த மஞ்சள், சுவர் அளவுக்கு விரிந்து மதியம் பன்னிரண்டு மணிக்கு நின்றால் கூச்சலிடும். ஆகவே மனத்தில் நினைத்த நிறத்தைவிட ஒரு படி மங்கலானதை, கொஞ்சம் அழுக்கேறியதுபோல் இருப்பதை எடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி சுவரிலேயே அடித்துப் பாருங்கள், ஒரு தடவை கிழக்குச் சுவரில், ஒரு தடவை மேற்கில். காலை எட்டு மணிக்கும் மதியத்திலும் மக்ரிப் பாங்கு கேட்கும் நேரத்திலும், மழை பெய்யும்போது ஒருமுறையும் பாருங்கள். நாங்கள் சுண்ணாம்பில் மஞ்சள் காவியும் கொஞ்சம் செங்காவியும் கலந்து ஐந்து மாதிரிகள் அடித்தோம். ஈரத்தில் பார்த்தபோது மூன்றாவது மாதிரி மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம்போல் இருந்தது, மருமகள் திடுக்கிட்டுப்போனாள். இரண்டு நாளில் காய்ந்ததும் அது வாசல் மூலையில் கத்தியால் கண்டெடுத்த அதே தேங்காய்ப்பால் நிறத்துக்கு வந்து நின்றது. சுண்ணாம்பு நிறத்தை ஈரத்தில் முடிவு செய்யவே கூடாது. அதேபோல், கலக்கும் நிறமும் மண்ணிலிருந்து வரும் காவி வகையாக இருக்க வேண்டும். மற்ற பல சாயங்களைச் சுண்ணாம்பின் காரம் தின்றுவிடும்.

மருமகளுக்குச் சாம்பல் நிறம்தான் ஆசையாக இருந்தது. “அத்தை, இப்ப எல்லா வீட்டுக்கும் அதுதான் அடிக்கிறாங்க, அழுக்கும் தெரியாது” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு, அழுக்கு தெரியாதுதான். ஆனால் இந்தத் தீவில் சமீப வருடங்களில் பழைய வீடுகளைச் சுவரும் பலகையும் சன்னலும் சேர்த்து ஒரே கரும்சாம்பலில் முக்கி எடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. டூடர் முகப்பின் அழகே சட்டத்துக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடுதான். அந்தக் கோலத்தை ஒரே நிறத்தில் அழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு முக்கோணச் சுவர். சாம்பல் வேண்டுமென்றால் பலகைக்கு அடிக்கலாம், நரைத்த மரத்தின் சாம்பல். நாங்கள் ஒரு பலகையில் அடித்தும் பார்த்தோம், மோசமில்லை. செம்பழுப்பு ஓட்டோடு கோப்பி-ஓ நிறம்தான் இன்னும் சேர்ந்தது என்று கடைசியில் அவளே சொன்னாள். அவளுடைய ஆசைக்கு முன்கதவை விட்டுக்கொடுத்தேன். மாவிலைப் பச்சை தேர்ந்தெடுத்தாள். தோரணம் கட்டும்போது கதவும் இலையும் ஒன்றாகிவிடுகின்றன, எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

பலகை வேலையைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. பதினான்கு பலகைகளில் பத்து செங்ஙால், அசையவில்லை. உளுத்துப்போன நான்கும் பிற்காலத்தில் யாரோ மாற்றி அடித்த மெராந்தி, செங்ஙால் அளவுக்குக் கெட்டியில்லாத மரம். அவற்றைக் கழற்றியபோது பின்பக்கம் காளான் பூத்திருந்தது. புதுப் பலகைகளை அடிக்கும் முன் பின்பக்கத்துக்கும் வெட்டிய முனைகளுக்கும் எண்ணெய் கொடுத்தோம், மேல் விளிம்பைச் சாய்வாகச் சீவித் தண்ணீர் வெளியே ஓடும்படி செய்தோம். மினுமினுக்கும் சாயத்துக்குப் பதிலாக மரத்துக்குள் இறங்கும் ஸ்டெய்ன் அடித்தோம். அது மேலே தோலாகப் படியாது, அதனால் உரியவும் உரியாது, வெளுக்கும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி ஒரு கை இழுத்தால் போதும். கறுப்பைவிட வெயிலையும் குறைவாகக் குடிக்கிறது. முன்பெல்லாம் மதியத்தில் மாடிச் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கறுப்புப் பலகையைத் தொட்டால் சுட்டுவிடும்.

சுண்ணாம்பு நேரே அக்ரிலிக் மேல் ஒட்டாது. பழையதை முழுக்க எடுத்தாக வேண்டும். எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது, இடையில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டிருந்த இடங்களை உடைத்து மறுபடி சுண்ணாம்புக் காரையால் அடைத்தோம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குச் சிலிகேட் சாயம் என்று ஒன்று உண்டு. ஜெர்மனியில் கெய்ம் என்பவர் 1878-இல் காப்புரிமை பெற்றது. சுவரோடு கல்லாகப் பிணைந்துகொள்ளும், ஈரத்தையும் வெளியே விடும். விலை அதிகம், அதற்கும் வெறும் சுவர்தான் வேண்டும். உங்கள் வீட்டைச் சிமெண்ட் பூச்சில் கட்டியிருந்தால் வழக்கமான வெளிச்சுவர்ச் சாயமே போதும். எது என்று தெரியாவிட்டால் ஓரத்தில் சிறு துண்டு பெயர்த்துப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை நகத்தால் கீறினால் உதிரும், சிமெண்ட் மசியாது. ஜார்ஜ் டவுன் பாரம்பரிய வட்டாரத்துக்குள் வீடு இருந்தால் கத்தி எடுக்கும் முன் பினாங்கு மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். 2008-இல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த வட்டாரம் அது, நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பினாங்கில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். தீபாவளி வருவதும் அதை ஒட்டித்தான். சுவர் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் நேரம் பார்த்து அதன்மேல் சாயத்தைப் போர்த்துகிறோம். 2011-இல் எங்கள் சுவரில் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததே நாங்கள்தான். காலையில் மழை விட்டது, மதியம் அடித்தார்கள், சாயங்காலம் மறுபடி தூறல். புத்தாடை மாதிரி வீடும் புதிதாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அந்த ஆசையை உள்ளே வைத்துக்கொள்வோம். கூடம், சாமியறை, சமையலறை எல்லாவற்றுக்கும் தீபாவளிக்கு அடியுங்கள். வெளியே பாசியை மட்டும் கழுவிவிட்டுக் கோலம் போடுங்கள்.

இங்கே வறட்சியான மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். தைப்பூசம் வருவதும் அப்போதுதான். தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் தார்ச்சாலை எப்படிச் சுடும் என்று தெரியும். பந்தல்காரர்கள் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த வெயில்தான் சுவருக்கும் வேண்டும். 2018-இல் ஜனவரி 31 தைப்பூசம். அதற்கு முந்தைய ஆறு வாரமும் சுவரை வெறுமனே காய விட்டோம். சீனப் பெருநாள் முடியும்வரை சாயம் அடிக்கும் ஆள் யாரும் கிடைக்க மாட்டார்கள், அதுவும் நல்லதாகப் போயிற்று. பிப்ரவரி கடைசியில் தொடங்கினோம். சுவரை லேசாக நனைத்து, பால்போல் கரைத்த சுண்ணாம்பை மெல்லிசாக ஐந்து தடவை, வெயில் நேரே விழாத பக்கமாகப் பார்த்துப் பார்த்து அடித்தோம். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் பூசியதுபோல் இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறுகி நிறம் மேலே வரும். காலையில் எழுந்து வாசலுக்குப் போய், நேற்றைவிட எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்ப்பதே எனக்கு அந்த இரண்டு வாரமும் வேலையாக இருந்தது. கண்ணில் தெறித்தால் சுண்ணாம்பு பார்வையைக் கெடுக்கும், கண்ணாடி போடாமல் யாரையும் ஏணியில் ஏற விடாதீர்கள்.

அதன்பின் எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. மழையில் சுவர் ஆழ்ந்து தேன் நிறமாகிறது, வெயில் வந்ததும் வெளுக்கிறது. மேற்குப் பக்கம் இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தது, ஒரு வாளி கரைத்து நானே அடித்துவிட்டேன். பெரியத்தை இப்போது இல்லை. நெற்றியில் கறுப்பு எதற்கு என்று அவர் கேட்டதை அந்த முகப்பைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முன் வண்ணங்களைப் பற்றிப் பக்கம் போடுவதுபோல், தைப்பூசம் முடிந்த வாரத்தில் பழைய வீடுகளுக்கென்று அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் நம்மிடையே கோயில் திருப்பணிகளில் இன்னும் இருக்கின்றன. அவர்களைப் பேச வையுங்கள், அவர்கள் கலக்கும் அளவுகளை அச்சில் போடுங்கள். வெட்டி வைத்துக்கொள்ள என்னைப் போல் பலர் இருக்கிறோம்.

என் மாணவர் வெளிச்சுவரைத் தள்ளிப்போட்டுவிட்டார். வரும் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன், கத்தியும் ஈரத் துணியும் எடுத்துக்கொண்டு. முன்வாசல் மூலையை யாரும் தொடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
புலாவ் தீக்குஸ், பினாங்கு